கல்லுக்கடியில் பனி

பம்பாய் வந்த பிறகு என் காடுகள் சிவப்பாகிவிட்டன. செம்பூர் அலுவலகத்தில், செயற்கைக்கோள் எடுத்த இமயமலைப் படங்களை விளக்குமேசையில் விரித்து, பழைய பனியாற்று எல்லையின்மேல் புதிய எல்லையை வரைவது என் வேலை. பனி எவ்வளவு மெலிந்தது, எவ்வளவு பின்வாங்கியது என்று அப்படித்தான் கணித்தோம். அந்தப் படங்களில் இலையின் பச்சை சிவப்பாகத்தான் விழும். தென்காசியின் நனைந்த மலைகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது பழகவே இல்லை.

தாராவியில் எனக்கு ரவிக்கை தைத்துத்தந்த செல்லத்தாயும் எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரிதான். இமயமலையில் சாலை போடப் போன அவள் கணவரைப் பனிச்சரிவு மூடி ஆறு வருடம் ஆகியிருந்தது. உடல் கிடைக்கவில்லை. கருமாதியை முடித்துத் தாலியைக் கழற்றச் சொல்லி மாமியார் வீட்டிலிருந்து கடிதம்மேல் கடிதம். முகத்தைப் பார்க்காமல் கழற்றமாட்டேன் என்றிருந்தாள். சரிவு நடந்த இடமென்று சாலைக் கான்ட்ராக்டர் எழுதியிருந்த பள்ளத்தாக்கு என் படத்தில் இருந்ததால், ஒரு பிரதியை எடுத்துப்போய்க் காட்டினேன்.

"என்னக்கா, மலையெல்லாம் ரத்தமா கெடக்கு?"

"ரத்தமில்ல தாயி, மரம். இதுல பச்சை செவப்பாத் தெரியும்."

"ஒங்க ஆபீஸ்காரவள நம்பி ரவிக்கைக்கு நூல்கூட எடுக்க முடியாது போல." சிரித்தவள் சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "அவுக எங்க?"

ஒரு தெருவே ஒரு புள்ளியாகச் சுருங்கும் படம் அது. ஆனாலும் அவர் புதைந்த பக்கத்தில் வெள்ளை போய்க் கருமை வந்திருந்தது. "அங்க பனி உருகிப்போச்சு" என்றேன். ஆள் விட்டுத் தேடச் சொல்லி கான்ட்ராக்டருக்கு அன்றே என்னை எழுதவைத்தாள். அவருக்குப் போர்த்தக் கோடித்துணி வாங்கிப் பெட்டியில் வைத்தாள்.

மறுவாரம் அவள் சந்துமுனையில் ஐஸ் வண்டி நின்றது. ஊரில் பனிக்கட்டியை உமி போட்டு மூடுவார்கள், இங்கே மரத்தூள். பார்வைக்கு வெறும் தூள்குவியல். கையை நுழைத்தேன், விரல்கள் விறைத்தன. நான் எடையைச் சந்தேகிப்பதாக எண்ணி வண்டிக்காரன் அதட்டினான்: "பூசா மத் ஹடாவோ, அந்தர் பூரா ஹை!" தூளை விலக்காதே, உள்ளே முழுசாக இருக்கிறது.

சரிந்த கற்கள் பனியை மூடினாலும் வானத்திலிருந்து கருமையாகத்தான் தெரியும். அது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நேராக அவளிடம் போனேன்.

"தப்பாப் பாத்துட்டேன் தாயி. மேல கல்லு மூடியிருக்கு. பனி அடியிலயே இருக்கு."

தையல் மெஷின் நின்றது. காதோரத்து நரையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "அப்பம் அவுக போன வயசிலேயே இருப்பாவ. எனக்குத்தான் கூடிக்கிட்டே போகுது." தாலியை ரவிக்கைக்குள் இட்டுக்கொண்டு மறுபடி மிதிக்கத் தொடங்கினாள்.

அந்த ஆண்டு வரைபடத்தில், தெரியும் பனிக்கு முழுக்கோடும், கல்லுக்கடியில் இருக்கும் பனிக்குப் புள்ளிக்கோடும் போட்டேன். செல்லத்தாய்க்கு ஊரில் ஒரு வீடு, தாராவியில் ஒரு மெஷின். அவள் இருக்குமிடம் எது என்று நினைத்தால், என் விரல் அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில், அவள் கணவர் கிடக்கும் பனியில் போய் நிற்கும். விளக்குமேசை எப்போதும் சூடாகத்தான் இருக்கும். அந்த இடத்தில் மட்டும் விரல் விறைக்கும்.