நான் கொட்டிய 'ம்'

இதை இங்கே எழுதுவதற்கே கூச்சமாக இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று மத்தியானம் சாத்தான்குளம் பஸ்ஸில் பக்கத்து சீட் அக்கா தன் மகளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். எனக்குப் பேச வராது. 'ம்' கொட்ட மட்டும் நன்றாக வரும்.

"காலேஜ் ரெண்டாவது வருசம் படிக்கா."

"ம்."

"நல்ல எடம் வந்திருக்கு. இவ அழுதுகிட்டே கெடக்கா."

"ம்."

"படிப்ப நிறுத்திட்டுக் கட்டிக் குடுத்துரலாம்னு பாக்கேன்."

"ம்."

மூன்றுமே 'கேட்கிறேன்' என்பதற்குத்தான்.

பேய்க்குளம் ஸ்டாப்பில் இறங்க எழுந்தவர், "நீ எதுவரைக்கும்மா படிச்சிருக்க?" என்றார்.

"பி.எஸ்ஸி. எங்க வீட்ல நாந்தான் மொதல்ல."

"படிச்ச பிள்ள, நீயே சரின்னுட்ட. இன்னைக்கே பேசி முடிச்சிருதேன்."

என் கையை அழுத்திவிட்டு இறங்கிவிட்டார். அப்போதும் என் வாயில் வந்தது இன்னொரு 'ம்' தான்.

வீட்டில் அம்மா சாப்பிடக் கூப்பிட்டதற்கு 'ம்' என்றேன். அந்தச் சத்தம் எனக்கே பயமாக இருந்தது.

பேய்க்குளம் பக்கம் இருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பச்சைச் சேலை, கையில் பனங்கிழங்குக் கட்டு. அந்த அக்காவைத் தெரிந்தால், பஸ்ஸில் வந்த பிள்ளை சரி என்று சொல்லவில்லை, உங்கள் மகள் படிக்கட்டும் என்கிறாள் என்று சொல்லிவிடுங்கள்.

சொன்னதும் கீழே எழுதுங்கள். 'ம்' மட்டும் போட வேண்டாம்.