வாசல் விலை

"யம்மா, டெலிவரி ப்ரீன்னு நீதான சொன்ன? பார்சல்காரரு வாசல்ல நிக்கறாரு. எறநூறு ரூவா தனியா குடுன்றாரு. எதிர் வூட்டுக்கு மட்டும் ப்ரீயாம். இன்னாம்மா நாயம் இது?"

நேரலையில் வந்த அந்தக் குரல் கரையாம்புத்தூர் அஞ்சலை அக்காவுடையது. கரும்பு வெட்டப் போகிறவர். நான் வில்லியனூர் கேபிள் சேனல் ஒன்றில் டெலிஷாப்பிங் தொகுப்பாளர். முந்தைய வாரம் என் நிகழ்ச்சியைப் பார்த்துத்தான் அக்கா கிரைண்டர் ஆர்டர் கொடுத்திருந்தார்.

விஷயம் எனக்கு உடனே புரிந்துவிட்டது. சென்னைக் கம்பெனி அனுப்பிய ஸ்கிரிப்டில் 'தமிழ்நாடு முழுவதும் டெலிவரி இலவசம்' என்று இருந்தது. அக்காவின் தெருவில் ஒரு பக்கம் புதுச்சேரி, எதிர்ப்பக்கம் தமிழ்நாடு. "நம்ம ஊருக்கும் உண்டா சார்?" என்று ஸ்கிரிப்ட் வந்த அன்றே மேனேஜரிடம் கேட்டேன்.

"நாம இன்னா பிரான்சுலயா கீறோம்? படிம்மா" என்று சிரித்தார்.

எங்கள் கதையே இதுதான். பேச்சுக்கு நாங்களும் தமிழ்நாடு, பில் போடும்போது வெளிமாநிலம்.

காதில் மாட்டியிருந்த டாக்பேக்கில் மேனேஜர் கத்தினார். "லைன கட் பண்ணு! அடுத்த கால் எடு!"

கம்பெனி கோபித்துக்கொண்டால் என் வேலை போய்விடும். அது தெரியும். ஆனால் ஜனங்கள் கம்பெனியையா பார்த்தார்கள்? என் முகத்தைப் பார்த்துதானே வாங்கினார்கள். நாளைக்குப் பாகூர் சந்தையில் கத்திரிக்காய் பொறுக்கும்போது என்னைத்தான் மறித்துக் கேட்பார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. டாக்பேக்கைக் கழற்றி வைத்தேன்.

"அக்கா, லைன்ல இருங்க. புதுச்சேரிக்காரங்க எல்லாருக்கும் சொல்றேன். நமக்கு டெலிவரி ப்ரீ கெடையாது. பொருளு வெலயோட எறநூறு ரூவா சேத்துத்தான் குடுக்கணும். வாசல்ல வந்து எறங்கறப்ப அதான் வெல, வாசல் வெல. புடிக்கலன்னா பார்சலப் பிரிக்காம திருப்பி அனுப்பிடுங்க."

"இத மொதல்லயே சொன்னா இன்னாவாம்?" என்றார் அக்கா. பார்சலைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

நிகழ்ச்சி முடிந்ததும் மேனேஜர் குதித்தார். "நாளைலேர்ந்து வாசல் வெலயெல்லாம் பேசக் கூடாது."

"அத மொதல்ல சொல்லிட்டுத்தான் சார் மிச்சத்தப் படிப்பேன். வேணாம்னா ஆள மாத்திக்குங்க."

மாற்றிவிட்டார். மறுநாள் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்தேன். எனக்குப் பதிலாக வந்த பெண் மிக்ஸியைப் பற்றி மூச்சு விடாமல் பேசினாள். முதல் கால் புதுச்சேரி பிள்ளைச்சாவடியிலிருந்து வந்தது. "அதெல்லாம் இருக்கட்டும்மா. வாசல் வெல இன்னா?" அடுத்த காலிலும் அதே கேள்வி. அந்தப் பெண் ஸ்கிரிப்ட் தாளைப் புரட்டிப் புரட்டித் தேடினாள். நான் கைதட்டிச் சிரித்தேன்.

அந்த வாரமே மேனேஜர் போன் செய்தார். "வாம்மா. வந்து உன் வாசல் வெலயையே சொல்லு."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களே, பொருளைப் புகழுங்கள், தப்பில்லை. அதற்கு முன்னால் வாசல் விலையைச் சொல்லிவிடுங்கள். சொன்னால் வாங்க மாட்டார்கள் என்று மேனேஜர்கள் பயமுறுத்துவார்கள்.

அஞ்சலை அக்கா வீட்டில் இன்று மாவரைப்பது நான் விற்ற கிரைண்டர்தான். நான் திரும்பி வந்த பிறகு மறுபடி ஆர்டர் கொடுத்து, இருநூறும் சேர்த்துக் கொடுத்தே வாங்கினார்.