முதலில் காப்பாற்றும் கோர்ஸ்

டைவிங்கில் எந்தக் கோர்ஸ் எடுக்கலாம் என்று வருகிறவர்கள் கேட்பார்கள். காப்பாற்றுவதை முதலில் எடுங்கள் என்பேன். படம் எடுப்பது, ராத்திரி இறங்குவது எல்லாம் பிறகு. என் தங்கை புருஷனால் வந்த புத்தி இது.

உப்பளம் பகுதியில் ஒரே டைவிங் கடையில்தான் எனக்கும் அவனுக்கும் வேலை. ஆளுக்கு ஒரு கோர்ஸ் சும்மா எடுத்துக்கொள்ளச் சொன்னார் முதலாளி. நான் காப்பாற்றுவதைக் கேட்டேன். அவன் சிரித்தான்.

"கனகசெட்டிக்குளத்து கடக்கரையில பொறந்துட்டு, அத புக்கு பாத்து கத்துக்கப் போறியா மச்சான்?"

"உன்கூட எறங்குறேனே, அதுக்குத்தான் மாப்ளே."

அவன் ஆழத்தில் இறங்கும் கோர்ஸை எடுத்தான். பாஸும் ஆனான். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. சிக்கின வலையைச் சின்ன வயதிலிருந்து மூச்சை அடக்கி முங்கி எடுத்தவர்கள் நாங்கள். பயம் வந்தால் தானாக மூச்சை அடக்குவோம். சிலிண்டர் காற்றை அப்படி அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அது உள்ளே விரிந்து நுரையீரலைக் கிழிக்கும். அவனுக்கும் தெரியும். பாடமாகத் தெரியும்.

அன்று காலையிலிருந்தே தண்ணீர் கலங்கல். டைவிங்குக்கு யாரும் வரவில்லை. ஊர்க்காரர் ஒருவர் வலை பாறையில் மாட்டிவிட்டது என்றார். சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்கினோம். கீழே ஒரு முழத்துக்கு மேல் எதுவும் தெரியவில்லை. அவன் கால் வலையில் சிக்கியது. உதறினான். இன்னும் சுற்றியது. நான் கத்தியால் அறுத்தேன்.

அறுந்ததும் மேலே பாய்ந்தான். முகத்தருகே ஒரு குமிழிகூட இல்லை.

எட்டி இடுப்பைப் பிடித்தேன். வயிற்றில் குத்தினேன். கோர்ஸில் சொன்னது ஒன்றுதான் ஞாபகம் இருந்தது, எப்படியாவது மூச்சை விட வை. விட்டான். கொஞ்சம்தான்.

படகில் ரத்த நுரை துப்பினான். ஆக்சிஜன் வைத்தேன். கரை வரும்வரை கண் திறக்கவில்லை.

பிழைத்தான். இனி தண்ணீருக்குள் முங்கவே கூடாது என்றார் டாக்டர். திரும்பும்போது பைக்கில் பின்னாலிருந்து கேட்டான்.

"சிலிண்டர் இல்லாம, மூச்ச புடிச்சிக்கினு எறங்கலாம்ல?"

"கூடாதுன்னாரே, காதுல உழலயா?"

"ரெண்டு ஆள் ஆழம்தான் மச்சான்."

"ஒரு ஆள் ஆழமும் வேணாம்."

பத்து நாள் வீட்டில் கிடந்தான். பதினோராம் நாள் காலை தங்கை போன் செய்தாள்.

"அண்ணே, வலை சிக்கிக்கிச்சுன்னு யாரோ கூப்புட்டாங்க. முங்குற கண்ணாடிய எடுத்துக்கினு போயிட்டாரு."

படகு எடுக்க ஓடினேன். தண்ணீர் அன்றும் கலங்கல்தான்.