வருகை தவறியது

சம்பளம் வாங்காதவர்களிடம் வேலை வாங்குவதற்காகச் சம்பளம் வாங்குகிறவள் நான். தூத்துக்குடியில், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீடு தேடிப் போய்க் கவனிக்கும் ஒரு தொண்டு நிறுவனம். எந்தத் தன்னார்வலர் எந்த வீட்டுக்கு என்று அனுப்புவது என் பொறுப்பு. நீங்களும் இப்படி ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டவர் என்றால், "நீங்க போவீங்கன்னு நெனச்சேன்" என்ற பேச்சை எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள்.

யாரும் போகாத புதன்கிழமை

லூர்து சங்கு குளிக்கப் போனவர். ஒருநாள் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் இடுப்புக்குக் கீழே மரத்துவிட்டது. மனைவி மீன் கம்பெனி வேலைக்குப் போய்விடுவார். வாரம் இரண்டு முறை எங்கள் ஆள் போய் அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகுப் புண்ணுக்கு மருந்து கட்ட வேண்டும். அப்போது என்னிடம் இருந்தது ஒரு நோட்டும் போனும்தான்.

ஒரு புதன்கிழமை, இரண்டு தன்னார்வலர்களும் மற்றவர் போவார் என்று இருந்துவிட்டார்கள். மறுநாள் நானே ஓடினேன். விரிப்பு நனைந்து, பழைய கட்டு புண்ணோடு ஒட்டிப்போயிருந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னார்: "வராதது பரவால்ல மேடம். வாரோம்னு சொல்லாம இருந்திருந்தா, நான் வாசலயே பாத்துக்கிட்டு கெடந்திருக்க மாட்டேன்."

மற்றவை

அதன் பிறகுதான் செயலி வந்தது. யார், எங்கே, எத்தனை மணிக்கு என்று முன்தினமே அவரவர் போனுக்குத் தகவல் போகும். போய்வந்தவர் என்ன செய்தார் என்று ஒரு பொத்தானை அழுத்த வேண்டும்: கட்டுப் போடுதல், குளிப்பாட்டுதல், மருந்து, மற்றவை. விடுபட்ட வீடுகள் உண்மையிலேயே குறைந்தன.

லூர்துவின் வீட்டுக்கு இப்போது சண்முகவேல் அண்ணாச்சி. மளிகைக் கடைக்காரர், அறுபதைத் தாண்டியவர். கட்டுப் போட்டதைப் பதிந்துவிட்டு, ஒவ்வொரு முறையும் 'மற்றவை'யையும் அழுத்தியிருந்தார். அதற்கு மட்டும் ஒரு மணி நேரம். என்ன அண்ணாச்சி அது என்று கேட்டேன். "ரெண்டு பேரும் பேசாம சும்மா இருப்போம், யம்மா. சும்மா இருந்ததுக்கு இதுல பொத்தான் எங்கன இருக்கு?"

பக்கத்துத் தெரு

ஆறுமுகநேரியில் சரஸ்வதி. உப்பளத்து வேலைக்குப் போனவர். மார்பில் புற்று, ஆறாத புண். நாசரேத்திலிருந்து எஸ்தர் டீச்சர் சனிக்கிழமைதோறும் பஸ் ஏறிப் போய்க் கட்டுவார். செயலி வரைபடத்தைப் பார்த்து, அவரைவிடப் பக்கத்தில் ஓர் ஆள் இருப்பதாகச் சொன்னது. அடுத்த தெருப் பெண், நல்ல பெண். டீச்சருக்கு அலைச்சல் மிச்சம் என்று சந்தோஷமாக மாற்றினேன்.

அந்தப் பெண் போய்த் தட்டியபோது சரஸ்வதி கதவைத் திறக்கவே இல்லை. நான் போனபோது திறந்துவிட்டு, பத்து நாள் கட்டோடு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அறையில் வாடை. டீச்சரையே திரும்ப அனுப்புகிறேன் என்றேன், அனுப்பவும் செய்தேன். ஆனால் அந்தப் பெண் கட்டுத் துணியோடு வாசலில் வந்து நின்றதிலேயே தெருவுக்கே தெரிந்துவிட்டது. சுவரைப் பார்த்தபடியே அவர் கேட்டார்: "பக்கத்துல உள்ளவளுக்குத் தெரியக் கூடாதுன்னுதானக்கா இத்தன நாளு மறைச்சேன். அவளயே அனுப்பி வச்சிட்டீங்களே?"



தானாகப் போன செய்தி

லூர்துவுக்குப் புண் உள்ளே இறங்கிக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பினார். ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அண்ணாச்சி போக வேண்டியது. பத்தேகாலுக்குப் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் அழுகைச் சத்தம். அவர் போனை எடுக்கவில்லை, எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. கல்லறைத் தோட்டம்வரை கூடவே நின்றார்.

குழிக்குள் மண் போட்டுக்கொண்டிருக்கும்போது அவர் போனுக்கு, செயலியிலிருந்து தானாக ஒரு செய்தி போயிருக்கிறது: 'வருகை தவறியது. காரணத்தைத் தெரிவிக்கவும்.' எனக்கு விஷயம் தெரிந்ததும் பதறிப்போய்க் கடைக்கே ஓடினேன். அண்ணாச்சி, அது மெஷின், மனசுல வச்சுக்காதீங்க என்றேன். பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசைக் கீழே வைத்தார். "சரியாத்தான சொல்லியிருக்கு, யம்மா. ஒரு ஆளுக்கு சாமான் கட்டிக் குடுத்துட்டுக் கெளம்புனேன். நான் போவும்போது அவன் இல்ல."

செயலி வந்தபின் தவறும் வருகைகள் வெகுவாகக் குறைந்துவிட்டன என்று இந்த ஆண்டறிக்கையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பொய் ஒன்றும் இல்லை, என் வேலையில் எழுதிக் கொடுக்க முடிந்த உண்மை அவ்வளவுதான்.