அப்பா பிடித்த கம்பி

நவி மும்பை வாஷியில் மகன் வீட்டு ஸ்பீக்கர் இன்று 'ம்ம்ம்' என்று இரைந்தது. வயரைத் தொட்டதும் அடங்கியது. அறுபதுகளில், தாராவியில், எங்கள் வால்வு ரேடியோவும் இப்படித்தான். அதன் பின்னால் தொங்கிய எர்த் கம்பியை அப்பா விரலால் பிடித்தால்தான் பாட்டு தெளியும் என்பதால், ஞாயிறுதோறும் அக்கம்பக்கமெல்லாம் உட்கார்ந்து கேட்க, அவர் மட்டும் சுவரோரம் கை மரத்துப்போக நிற்பார்.

"அண்ணாச்சி, கையை எடுத்துராதிய!" என்பாள் பக்கத்து வீட்டு மரியம்மா.

"மூக்கு அரிக்கி, யாராவது சொறிஞ்சு விடுங்க!" என்பார் அப்பா.

அவர் இறந்த மறு ஞாயிறு அம்மா ரேடியோவைப் போட்டாள். இரைந்தது. நான் கம்பியைப் பிடிக்க எழுந்தேன்.

"விடுளா, இரையட்டும்," என்றாள் அம்மா.

பாட்டு நேரம் முடியும்வரை அந்த இரைச்சலையே கேட்டுக்கொண்டிருந்தோம்.