தோம்புக்குள் தைத்த தடுப்பு

சதுரப் பெட்டிக்குள் துணி உறை தைப்பது பெரிய வித்தை இல்லை. நான்கு பக்கமும் அளந்து, நான்கு துண்டு வெட்டி, மூலையோடு மூலை வைத்துத் தைத்துவிட்டால் வேலை முடிந்தது. இப்போது ஈப்போவில் கடைக்குக் கடை பிளாஸ்டிக் கூடைக்குள் அறை அறையாகத் துணி வைத்து விற்கிறார்கள். என் மகள் ஒன்றை வாங்கிவந்து, இது புதுசு என்று என்னிடமே காட்டினாள். நாற்பது ஆண்டு தையல் கடை நடத்தியவளிடம் காட்டுகிறோமே என்ற கூச்சம் அவளுக்கு இல்லை. உருண்டையான பாத்திரத்துக்கு, அதுவும் வயிற்றைவிட வாய் சிறுத்த பாத்திரத்துக்கு உறை தைத்துப் பார்த்தால்தான் சங்கதி தெரியும். நான் தைத்திருக்கிறேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலம்.

ஈப்போவுக்கு வடக்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் ஒன்றில் அப்பா, அம்மா, நான். அடுத்த கதவு அத்தை வீடு. அத்தை அப்பாவின் தங்கை. மாமா அவள் கணவர். வெள்ளைக்கார துரை ஓடிப்போன மறுநாள் தோட்டமே அவர் பங்களாவுக்குள் புகுந்தது. ஆளாளுக்குக் கடிகாரம், கண்ணாடி, பீங்கான் தட்டு என்று அள்ளிக்கொண்டு வந்தார்கள். மாமா இரண்டு சாய்வு நாற்காலிகளின் துணியை மட்டும் உருவிக்கொண்டு வந்தார். பச்சையும் வெள்ளையுமாகக் கோடு போட்ட தடித்த கித்தான். வரும் வழியில், கேட்பாரில்லாமல் கிடந்த ஒரு தோம்பையும் உருட்டிக்கொண்டு வந்தார். ரப்பர் பால் கொண்டுபோகும், பீப்பாய் போன்ற தகரத் தோம்பு. என் மார்பளவு உயரம், இறுக்கமான மூடி. கடிகாரம் இருந்த வீட்டில் இதைப் போய்த் தூக்கி வந்தீர்களே என்று அத்தை சிரித்தாள். எலியிடமிருந்து அரிசியைக் கடிகாரமா காப்பாற்றும் என்றார் மாமா. எங்கள் வீட்டில்தான் வாய் அதிகம் என்று தோம்பை எங்களுக்கே கொடுத்துவிட்டார்.

ஓராண்டுக்கு மேல் கழித்து, ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போட ஆள் எடுத்தார்கள். காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கூப்பிடும்போது, தோட்டத்து எழுத்தரான கிராணி ஒரு பட்டியலைப் படித்தார். அதில் அப்பாவின் பேர் இருந்தது. அப்பாவோ மலேரியாவில் நடுங்கிக்கொண்டு வீட்டில் இரண்டு சாக்குகளுக்குள் சுருண்டு கிடந்தார். பேர் வந்ததும் மாமா கையைத் தூக்கி, இருக்கேன் என்று சொல்லிவிட்டார். கிராணிக்கு ஆள் மாறாட்டம் தெரியாமல் இல்லை. தலைக்கணக்கு சரியாக வந்தால் போதும் என்று அடுத்த பேருக்குப் போய்விட்டார்.

மாமா வீட்டுக்கு வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். “மச்சான், நீங்க படுத்திருங்க. மூணு மாசம்தானே, போயிட்டு வாரேன்லா,” என்றார். அப்பா எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் அதுவரை ரயிலில் ஏறியதே இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, மாமா அந்தக் கித்தான் இரண்டையும் என்னிடம் கொடுத்தார். நான் வருவதற்குள் இதில் ஏதாவது தைத்து வை, வந்து பார்க்கிறேன் என்றார்.

தனியாக இருக்க வேண்டாம் என்று அத்தையை எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னார்கள். அவள் வந்தாள்; ஆனால் தன் பங்கீட்டு அரிசியையும் காய்ந்த மரவள்ளியையும் தனி மூட்டையாகக் கொண்டுவந்து ஒரு மூலையில் வைத்துக்கொண்டாள். தனி அடுப்பு, தனிச் சட்டி. நான்காம் நாள் எலி மூட்டையைக் கடித்துப் பாதியைத் தின்றுவிட்டது. மிச்சத்தைத் தோம்பில் கொட்டிவிடு என்று அம்மா கெஞ்சினாள்.

“கலந்துட்டா எது யாரோடதுன்னு தெரியாது அண்ணி. அவரு வரவரைக்கும் நான் என் சோத்தத்தான் திங்கணும்,” என்றாள் அத்தை.

அப்படியும் முடியாவிட்டால், சித்தியவானில் மாமாவின் உறவினர் இருக்கிறார்கள், அங்கே போய்விடுவதாகச் சொன்னாள். தூரத்து உறவு; முகம்கூட அவளுக்குச் சரியாகத் தெரியாது. வழியெல்லாம் சிப்பாய்கள். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இரண்டு நாள் வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. பெரியவர்கள் சண்டையெல்லாம் சாமான் வைக்க இடம் போதாததால்தான் வருகிறது என்பது அந்த வயதில் என் திடமான கருத்து. ஆகவே நான் கித்தானை எடுத்து விரித்தேன்.

முதல் உறையைத் தோம்பின் வெளிச்சுற்றை அளந்து தைத்தேன். உள்ளே தொளதொளவென்று மடிந்து விழுந்தது. பிரித்தேன். இரண்டாவது, வாயின் அளவுக்குச் சரியாக இருந்தது, வயிற்றில் போதவில்லை. மூன்றாம் முறைதான் மூளை வேலை செய்தது. வயிற்றின் அளவுக்கே உறையைத் தைத்து, மேல்விளிம்பைச் சுருக்கி, உள்ளே ஒரு பிரம்பு வளையத்தைக் கோத்தேன். விளிம்பு வாயின் மேல் மடிந்து உட்கார்ந்துகொண்டது. அடிப்பாகத்துக்குச் சோற்றுத் தட்டைக் கவிழ்த்து வட்டம் போட்டேன். நூல் கிடைக்காத காலம்; அன்னாசி இலையைச் சுரண்டி நார் எடுத்து முறுக்கினேன். இருந்தது ஒரே ஒரு சாக்கு ஊசி. விரலெல்லாம் பொத்தல். நடுவில் மேலிருந்து அடிவரை ஒரு தடுப்பு: இந்தப் பக்கம் எங்களுடையது, அந்தப் பக்கம் அத்தையுடையது. இரண்டு பக்கமும் சாணுக்கு ஒரு கோடு, கரி பூசிய நாரில், எவ்வளவு இருக்கிறது என்று பார்த்ததும் தெரிய. விளிம்பை ஒட்டி உப்பு, மிளகாய், தீப்பெட்டி, பங்கீட்டு அட்டை எல்லாவற்றுக்கும் சின்னச் சின்னப் பைகள்.

அத்தை உறையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். தடுப்பை இழுத்துப் பார்த்தாள். தன் பக்கத்தில் நீளமாக இன்னொரு பை வேண்டும் என்றாள். தைத்துக் கொடுத்ததும், மாமாவின் பால் வெட்டும் கத்தியைத் துணியில் சுற்றி அதில் வைத்தாள். பிறகு தன் அரிசியைத் தன் பக்கம் கொட்டினாள். சித்தியவான் பேச்சு நின்றது. ஒரு குடும்பத்தை ஒரு தடுப்பால் ஒட்டிவைத்தவள் நான் என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மூன்று மாதம் ஆயிற்று. பிறகு நான்கு, ஐந்து. மாமா வரவில்லை, அதைப் பற்றி யாரும் பேசவுமில்லை. எனக்கோ வேறு கவலை. என் தடுப்பு எங்கள் பக்கமாகச் சாய்ந்துகொண்டே போனது. அத்தை பக்கம் இரண்டாம் கோடு வரை நிறைந்திருக்கும். எங்கள் பக்கம் முதல் கோட்டுக்கும் கீழே. நாங்கள் மூன்று பேர், எங்களுக்கு மூன்று பேருடைய பங்கு வருகிறது. அப்படியும் குறைகிறதென்றால் தையலில் எங்கோ ஓட்டை இருந்து தானியம் அந்தப் பக்கம் ஒழுகுகிறது என்றுதானே அர்த்தம்? என் தையலில் ஓட்டை என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

அத்தை இல்லாத நேரம் மாமாவின் கத்தியை உருவிக்கொண்டு போய், வேலை நின்றுபோன ரப்பர் காட்டில் ஒரு மரத்தைக் கீறிச் சிரட்டையில் பால் பிடித்தேன். உறையைக் கழற்றித் தடுப்பின் இரண்டு ஓரத்திலும் தடவிக் காயவைத்தேன். இனி ஒரு குருணைகூட நுழையாது. ஆனால் பத்து நாள் எங்கள் கஞ்சியில் ரப்பர் நாற்றம். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, ரப்பர் பால் ஸ்டோரிலா சமைத்தாய் என்று அம்மாவைக் கேட்டார். அத்தை கத்தியை எடுத்ததற்கு மட்டும் என்னைத் திட்டினாள். வாழ்க்கையில் அவள் என்னைத் திட்டியது அந்த ஒரு முறைதான்.

தடுப்பு சாய்வது நிற்கவில்லை.

ஒரு மதியம் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தேன். அம்மா தோம்பின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். எங்கள் பக்கத்திலிருந்து ஒரு பிடி அரிசி எடுத்தாள். சட்டியில் போடவில்லை, அத்தை பக்கத்தில் போட்டாள். இன்னொரு பிடி. நான் பதறிப்போய், அது அத்தை பக்கம் என்றேன். அம்மா திடுக்கிட்டாள். பிறகு, கண் சரியாகத் தெரியவில்லை என்றாள். எனக்கு உயிரே வந்தது. குற்றம் தையலில் இல்லை, அம்மாவின் கண்ணில். அம்மா அந்த நாட்களில் மெலிந்துகொண்டே வந்ததும், சாப்பிட்டாயிற்று என்று சொல்லிவிட்டு வெறும் தண்ணீர் குடித்ததும் எனக்குத் தெரியும். தெரிந்ததையெல்லாம் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை.

கண் தெரியாதவருக்குக் கை தெரிய வேண்டும் அல்லவா? அப்பாவின் பழைய சட்டையிலிருந்து ஒரு பித்தானைப் பிய்த்து, எங்கள் பக்க விளிம்பில் தைத்தேன். தொட்டால் எங்கள் பக்கம். அன்று மாலை அத்தை பித்தானைப் பார்த்து என்ன இது என்றாள். நானும் பெருமையாக எல்லாவற்றையும் சொன்னேன்: அம்மாவுக்குக் கண் தெரியவில்லை, பிடி பிடியாக உங்கள் பக்கம் போட்டுவிடுகிறாள், இனி அந்தத் தவறு நடக்காது.

அத்தை உள்ளே போய்த் தன் துணிகளை மூட்டையாகக் கட்டினாள். கட்டிய மூட்டையின் மேலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். கொல்லையில் அம்மா மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தது அங்கிருந்து தெரியும். அத்தை அதையே பார்த்தாள். பிறகு மூட்டையைப் பிரித்தாள். பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்த்தாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

“அந்தப் பித்தானப் பிச்சிரு கண்ணு. கையில குத்துது,” என்றாள். “எங்கிட்ட சொன்னத அம்மாகிட்ட சொல்லாத.”

பிய்த்தேன். இந்த வீட்டில் நல்ல வேலைக்கு மதிப்பில்லை என்று அன்று முழுக்க எரிச்சலாக இருந்தது.

அதற்கு அடுத்த மாதம் ஒருவர் வந்தார். சயாமிலிருந்து எப்படியோ திரும்பி வந்தவர், வேறு தோட்டத்துக்காரர். காலெல்லாம் புண், கண் உள்ளே போயிருந்தது. வாசலில் நின்ற அப்பாவிடம், அப்பாவின் பேரைச் சொல்லி, அவர் வீடு இதுதானா என்று கேட்டார். அப்பா தலையாட்டினார். வந்தவர் தலையைக் குனிந்துகொண்டு, அவர் காலராவில் இறந்துபோனதாகவும், தானே பக்கத்தில் இருந்ததாகவும் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இறந்துபோனவரிடமே வந்து இறந்துவிட்டார் என்று சொல்கிறாரே.

அப்பா சிரிக்கவில்லை. “அது என் பேரு,” என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உள்ளேயிருந்து அம்மாவின் அலறல் கேட்டது. அத்தை மட்டும் வெளியே வந்து, வந்தவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.

எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. அந்த ஆள் சொன்னது தப்பு என்பது கண்ணெதிரே தெரிகிறது. அப்பா உயிரோடு உட்கார்ந்திருக்கிறார். தப்பாகச் சொன்ன ஒருவர் பேச்சைக் கேட்டு மாமாவுக்காக ஏன் அழுகிறார்கள்? சொன்னால் திட்டுவார்களோ என்று பேசாமல் இருந்தேன்.

பதினாறாம் நாள் மாமாவுக்குப் படையல். அரிசி எடுக்க அம்மா தோம்பைத் திறந்தாள். எங்கள் பக்கத்தில் கையை விட்டாள். அடியில் அரைப் பிடி இருந்தால் அதிகம். அத்தை பக்கம் இரண்டாம் கோடு வரை நின்றது. அம்மா கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். அத்தை எழுந்து வந்தாள். நீளப் பையிலிருந்து மாமாவின் கத்தியை எடுத்து, சுற்றியிருந்த துணியைப் பிரித்தாள். தடுப்பின் மேல்விளிம்பில் வைத்து ஒரே இழுப்பாக அடிவரை கிழித்தாள். அரிசி சரிந்து இரண்டு பக்கமும் ஒன்றாகப் பரவியது.

“எனக்குத் தெரியும் அண்ணி. எப்பவோ தெரியும்,” என்றாள். “இனிமே ஒண்ணாவே பொங்குங்க.”

அம்மா அத்தையின் தோளில் சாய்ந்து அழுதாள். வாசலில் அப்பா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். நானும் அழுதேன், எல்லோரையும்விடச் சத்தமாக. மூன்று முறை பிரித்துத் தைத்தது, விரலில் ஊசி ஏறியது, ரப்பர் பால் தடவியது, எல்லாம் ஒரு இழுப்பில் போய்விட்டதே. அத்தை என்னை வாரி மடியில் போட்டுக்கொண்டாள். மாமாவுக்காகவா அழுகிறாய் என்று கேட்டாள். தடுப்புக்காக என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆமாம் என்று தலையாட்டினேன். அதைக் கண்டபிறகுதான் அத்தை அழுதாள். அத்தனை நாளில் அவள் அழுதது அப்போதுதான்.

மறுநாள் காலை, யாரும் கேட்காமலேயே, ஒரு கட்டு அன்னாசி இலையைச் சுரண்டி நார் எடுத்துக்கொண்டு தோம்பின் பக்கத்தில் உட்கார்ந்தேன். தடுப்பைத்தான் முதலில் தைக்க வேண்டும். மாமா வந்து பார்க்கும்போது கிழிசல் தெரியக் கூடாது.