டயலில் தொங்கிய பூட்டு

போடியில் எங்கள் வீட்டுக்குப் போன் வந்தது, தெருவுக்கே வந்தது மாதிரிதான். ஆளாளுக்குச் சொந்தக்காரர்களிடம் எங்கள் நம்பரைக் கொடுத்து வைத்திருந்தார்கள். யாருக்காவது அழைப்பு வந்தால் வாசலில் நின்று நான் குரல் கொடுப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஏலக்காய் வியாபாரியான என் கணவருக்குத்தான் பொறுக்கவில்லை. பேச வருகிறவர்கள் சந்தடிசாக்கில் டயலையும் சுற்றிவிட்டுப் போகிறார்கள் என்று சந்தேகம். ஒரு நாள் டயலின் துளையில் சின்னப் பூட்டை மாட்டி, சாவியை இடுப்பில் கட்டும் அகலப் பெல்ட்டின் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"வர்ற போன எடுத்துக்க. இங்கனருந்து யாரும் பண்ண முடியாது. நான் நிம்மதியா மலைக்குப் போயிட்டு வருவேன்" என்றார்.

அவருடைய நிம்மதிதானே வீட்டில் முக்கியம்!

ஐப்பசி மழை கொட்டிய ஒரு மத்தியானம். அவர் ஏலத்தோட்டத்துக்குப் போயிருந்தார். காய்ச்சலில் கிடந்த என் சின்ன மகள் திடீரென்று விறைத்தாள். கண் மேலே செருகியது. பல் கிட்டிக்கொண்டது. கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. டாக்டர் வீட்டில் போனும் உண்டு, காரும் உண்டு. நம்பர் எனக்கு மனப்பாடம். பிள்ளையை அணைத்தபடி ரிசீவரை எடுத்தேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. டயல்தான் அசையவில்லை.

கொண்டை ஊசியை விட்டுக் குடைந்தேன், ஊசி வளைந்தது. உடைக்கலாமென்றால் போனே செத்துவிடுமோ என்று பயம். யாராவது கூப்பிட மாட்டார்களா என்று ரிசீவரை வைத்துவிட்டுப் பார்த்தேன். நாள் பூராவும் அலறுகிற சனியன் அன்றைக்கு வாய் திறக்கவில்லை. என் பிள்ளை என் கையிலேயே போய்விடும் என்று நினைத்தேன். அப்படியொரு பயம் எனக்கு அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை. கத்தினேன்.

எதிர்வீட்டு அக்கா நனைந்துகொண்டு ஓடிவந்தார். குமுளியில் வேலை பார்க்கும் கணவரிடம் பேச எங்கள் வீட்டுக்கு வருகிறவர் அவர்.

"பூட்டிருக்குக்கா! சாவி அவுககிட்ட இருக்கு!"

"அழாத ஆத்தா, நம்பரச் சொல்லு."

ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, அதை வைக்கும் இடத்தில் இருக்கும் பொத்தானை விரலால் தட்டினார். ஒவ்வொரு எண்ணுக்கும் அத்தனை தட்டு, நடுவே ஒரு நிறுத்தம். பூட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விரல் ஓரிடத்திலும் தடுமாறவில்லை; பழகிய விரல். மறுமுனையில் டாக்டர் பேசினார்.

கார் வந்தது. ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் பிள்ளை வீறிட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டபிறகுதான் அவிழ்ந்து கிடந்த கொண்டையை முடிந்தேன்.

சாயங்காலம் மலையிலிருந்து திரும்பிய என் கணவர் குடையை மடக்கிக்கொண்டே கேட்டார்: "யாரும் போன் பேச வந்தாகளா? பூட்டு பத்திரமா இருக்குல்ல?"

"பத்திரமா இருக்கு. ஒங்க மக பொழச்சதுதான் பெரிசு" என்று நடந்ததைச் சொன்னேன். அக்காவைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க முடியவில்லை. வேறு எப்படிச் சொல்வது?

"பூட்டு டயல்லதான இருந்துச்சு, எப்படிப் பண்ணாக?" என்றார், நம்பாமல்.

"தெரிஞ்சவுகளுக்கு அது பூட்டே இல்லங்க. இத்தன நாளா நீங்க என்னைய மட்டுந்தான் பூட்டி வச்சிருக்கீக."

தொட்டிலை எட்டிப் பார்த்தார். பெல்ட்டை அவிழ்த்துச் சாவியை எடுத்து நீட்டினார். நான் அதை வாங்கித் தாலிக்கயிற்றில் ஊக்கோடு கோத்துக்கொண்டேன்.